கடை அண்ணாச்சியின் நம்பர் எப்படிப் போனது? இரண்டு போன்களில் பெர்மிஷன்களைச் சுத்தம் செய்த பதிவு

கோவில்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா இதுவரை எந்த ஆப்பிலும் கடன் வாங்கியதில்லை. ஆனாலும் கடன் வசூல் போன்கள் அவருக்கு வந்துகொண்டே இருந்தன. ராங் நம்பர் என்று முதலில் விட்டுவிட்டார். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கடையில் வேலை பார்க்கும் தம்பியின் முகம், அதன் மேல் சிவப்பு எழுத்தில் 'மோசடிக்காரன்' என்று போட்டிருந்தது. "நான் வாங்காத கடனுக்கு என்கிட்ட எதுக்குலே கேக்கான்?" என்று சித்தப்பா எனக்குப் போன் செய்தார்.

காரணம் இதுதான். அந்தத் தம்பி அவசரத்துக்கு ஒரு கடன் ஆப்பில் 5,000 ரூபாய் கேட்டிருக்கிறான். 'பிராசஸிங்' என்று பிடித்ததுபோக 3,000 சொச்சம்தான் கைக்கு வந்தது. ஒரே வாரத்தில் முழுத்தொகையையும் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஆப்பைப் போடும்போது அது கேட்ட எல்லாவற்றுக்கும் 'அலோ' கொடுத்திருக்கிறான். அவன் போனில் சித்தப்பாவின் நம்பர் 'கடை அண்ணாச்சி' என்ற பெயரில் இருந்தது. வசூல்காரன் முதலில் கூப்பிடத் தேடுவது இந்த மாதிரிப் பெயர்களைத்தான்.

ஆகவே கடைக்குப் போய் இருவர் போனையும் வாங்கி உட்கார்ந்தேன். தம்பியுடையது ஆண்ட்ராய்டு 11, சித்தப்பாவுடையது ஆண்ட்ராய்டு 13. செய்ததை இங்கே எழுதுகிறேன். மெனுக்களின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் 'பெர்மிஷன்' என்று அடித்தால் பெரும்பாலும் சரியான இடத்துக்குப் போய்விடலாம்.

தம்பியின் போன்

"முதல்ல அதை அழிச்சிருங்கண்ணே" என்றான் தம்பி. வேண்டாம் என்று நிறுத்தினேன். ஆப் போய்விட்டால் அதன் பெயர், கடன் தொகை, கட்டச் சொன்ன யூபிஐ ஐடி எல்லாம் சேர்ந்து போய்விடும். பிறகு புகார் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் முதல் வேலை ஸ்கிரீன்ஷாட். ஆப்பின் முகப்பு, கடன் விவரம், கெடு தேதி, பணம் கேட்ட ஐடி, கூப்பிட்ட நம்பர்கள், மிரட்டல் மெசேஜ்கள், அந்த ஆப்பின் பெர்மிஷன் பக்கம். எல்லாவற்றையும் எடுத்து அவன் மெயிலுக்கே அனுப்பி வைத்தோம்.

பெர்மிஷன் பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தோம். கேமரா, லொகேஷன், காண்டாக்ட்ஸ், கால் லாக், எஸ்எம்எஸ், பைல்ஸ் எல்லாமே 'அலோட்' என்ற தலைப்பின் கீழ் இருந்தன. கேமரா சரி, ஆளை அடையாளம் பார்க்கத் தேவைப்படலாம். மற்றவை எதற்கு? எஸ்எம்எஸ் கிடைத்தால் பேங்க் அனுப்பும் மெசேஜை வைத்துச் சம்பளம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று படிக்கலாம், ஓடிபியையும் படிக்கலாம். கால் லாக் கிடைத்தால் இவன் யாரிடம் அதிகம் பேசுகிறான் என்பது தெரியும். பைல்ஸ் கிடைத்தால் கேலரியில் இருக்கும் குடும்பப் படங்கள் கிடைக்கும். காண்டாக்ட்ஸ் கிடைத்தால் யாரிடம் சொன்னால் இவன் கூனிக்குறுகிப் போவான் என்ற பட்டியலே கிடைத்துவிடும். கடன் கொடுக்க இதில் எதுவும் தேவையில்லை. மிரட்டி வசூலிக்க எல்லாமே தேவை.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்களிலேயே, கடன் ஆப்கள் போனில் உள்ள பைல்கள், காண்டாக்ட்ஸ், கால் லாக் போன்றவற்றைத் தொடக்கூடாது என்று இருக்கிறது. கேமரா, மைக், லொகேஷன் போன்றவற்றை மட்டும், ஆளைச் சரிபார்க்கத் தேவையென்றால், வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதத்தோடு ஒரே ஒரு தடவை பயன்படுத்தலாம். பிளே ஸ்டோரில் இருக்கும் தனிநபர் கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸையும் படங்களையும் கேட்கக்கூடாது என்று கூகுளும் 2023 மே 31 முதல் தடை போட்டுவிட்டது.

அப்படியானால் இந்த ஆப் எப்படி உள்ளே வந்தது? தம்பியிடம் கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்ததாம், தொட்டதும் ஏபிகே பைல் (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பைப் போடும் பைல்) இறங்கியதாம். பிளே ஸ்டோர் வழியாக வரவே இல்லை. முன்வாசலில் சோதனை இருக்கிறது என்பதால் கொல்லைப்புறமாக வந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகை என்றும், டிராபிக் அபராத ரசீது என்றும் சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏபிகே பைல்களும் இதே ரகம்தான். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். ஏபிகேயாக ஒருநாளும் வராது.

ஸ்கிரீன்ஷாட் முடிந்ததும் ஒவ்வொரு பெர்மிஷனாக 'டினை' செய்து, 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுத்தோம். நீக்குவதற்கு முன் இரண்டு இடங்களைப் பார்த்தாக வேண்டும். ஒன்று 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்'. அதில் ஒரு ஆப் ஏறி உட்கார்ந்திருந்தால் அன்இன்ஸ்டால் ஆகாது. இன்னொன்று 'அக்ஸஸிபிலிட்டி'. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டவும், விரல் அசைக்க முடியாதவர்களுக்கு உதவவும் செய்யப்பட்ட அருமையான வசதி அது. அதனாலேயே அதற்குச் சக்தி அதிகம். திரையில் இருப்பதைப் படிக்கும், நமக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்தும். முன்பின் தெரியாத ஆப் அங்கே ஆனில் இருந்தால் போன் நம் கையில் இல்லை என்றே அர்த்தம். நல்லவேளையாக இவன் போனில் இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஆப்பை நீக்கினோம். டவுன்லோட்ஸில் கிடந்த ஏபிகே பைலையும் அழித்தோம். 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' பக்கத்தில் குரோமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் கொடுத்திருந்த அனுமதியை எடுத்தோம். இந்தக் கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் அடுத்த லிங்க்குக்கும் கதவு திறந்தே இருக்கும்.

"இனிமே யாருக்கும் கூப்பிட மாட்டான்ல?" என்று கேட்டான். கூப்பிடுவான் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. பெர்மிஷனை எடுத்தால் இனிமேல் எடுப்பதுதான் நிற்கும். ஆப்பைப் போட்ட அன்றே முழு போன்புக்கும் அவர்கள் சர்வருக்குப் போயிருக்கும், அதைத் திரும்ப வாங்க முடியாது. இனிச் செய்ய முடிந்தது, அவர்கள் கூப்பிடுவதற்கு முன் நாம் சொல்லிவிடுவதுதான். இப்படி ஒரு மெசேஜ் எழுதினோம்:

"என் போனில் இருந்த நம்பர்களை ஒரு போலி கடன் ஆப் எடுத்துவிட்டது. என்னைப் பற்றி யாராவது பேசினாலோ படம் அனுப்பினாலோ பதில் சொல்ல வேண்டாம், பணமும் அனுப்ப வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள்."

அனுப்பும் பட்டனை அழுத்த அவனுக்குக் கை வரவில்லை. ஊரில் மாமனார் வீட்டு நம்பரெல்லாம் அதில் இருக்கிறது. சித்தப்பா அதே மெசேஜைக் கொஞ்சம் மாற்றி, "எங்க கடைப் பையன் நல்ல பையன், இந்தப் படம் பொய்" என்று சேர்த்து, தன் போனிலிருந்து முதலில் அனுப்பினார். அப்புறம்தான் இவன் அனுப்பினான்.

பிறகு தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் ஸ்கிரீன்ஷாட்களோடு புகார் பதிவு செய்தோம். பணம் ஏமாந்திருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை மடக்குவது கஷ்டம். அங்கீகாரம் இல்லாமல் கடன் கொடுப்பவர்கள் மீது புகார் செய்ய ரிசர்வ் வங்கியின் 'சசேத்' போர்ட்டல் இருக்கிறது. வங்கிகளும் அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் கடன் ஆப்களின் பட்டியலையும் 2025 ஜூலை 1 முதல் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. கடன் ஆப்பைத் தொடுவதற்கு முன் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

போன்புக் யாருடையது?

இந்த வேலையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். கேமராவுக்கு அனுமதி கொடுத்தால் போவது என் முகம். லொகேஷன் கொடுத்தால் போவது நான் இருக்கும் இடம். காண்டாக்ட்ஸ் கொடுத்தால் போவது என்னுடையது இல்லை. என்னை நம்பி நம்பர் கொடுத்தவர்கள் அத்தனை பேருடையதும் போகிறது. சித்தப்பா எந்தப் பட்டனையும் அழுத்தவில்லை, யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. ஆனாலும் அவர் நம்பர் போனது. அவர் எவ்வளவு உஷாராக இருந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

நாம் பெயர் சேமிக்கும் விதத்தையும் பாருங்கள். அம்மா, பெரிய மாமா, சம்பந்தி வீடு, சீட்டு அக்கா, சுகர் டாக்டர், மேனேஜர் சார். நம்பரோடு உறவும் சேர்ந்தே போகிறது. யார் வீட்டில் யாருக்குச் சுகர் என்பதுகூட ஒரு பெயரில் தெரிந்துவிடுகிறது.

சித்தப்பாவின் போன்புக்கைத் திறந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பேங்க்கின் பெயரில் ஒரு காண்டாக்ட், அதன் நம்பர் இடத்தில் நான்கு இலக்கங்கள். ஏடிஎம் பின். கீழே இன்னொரு காண்டாக்டின் குறிப்பில் ஜிஎஸ்டி லாகினின் பாஸ்வேர்டு. நம் ஊரில் நிறைய பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். மறந்துபோகும் என்ற பயம் நியாயமானது. ஆனால் காண்டாக்ட்ஸ் அனுமதி பெற்ற ஒவ்வொரு ஆப்பும் குறிப்பு உட்பட எல்லாவற்றையும் படிக்கலாம். அங்கேயே இரண்டையும் அழித்தோம். பின்னை அன்றைக்கே ஏடிஎம்மில் போய் மாற்றினார். மற்றவற்றைப் பூட்டு போட்ட பாஸ்வேர்டு மேனேஜரில் ஏற்றிக் கொடுத்தேன்.

ஐபோனில் ஐஓஎஸ் 18 வந்ததிலிருந்து, ஒரு ஆப்புக்குக் குறிப்பிட்ட சில காண்டாக்டுகளை மட்டும் காட்டலாம். சித்தப்பாவின் போனில் அந்த வசதி இல்லை. கொடுத்தால் முழு போன்புக், இல்லையென்றால் ஒன்றுமில்லை. அதனால் பெர்மிஷன் மேனேஜரில் காண்டாக்ட்ஸைத் திறந்து, போன், மெசேஜ், வாட்ஸ்அப் மூன்றையும் தவிர மற்ற எல்லா ஆப்புக்கும் 'டோன்ட் அலோ' கொடுத்தோம். தேவைப்பட்டால் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு.

யூபிஐ ஆப்பில் ஆளைப் பெயர் சொல்லித் தேட முடியாது. ஆனால் நம்பரை அடித்தாலும் க்யூஆர் ஸ்கேன் செய்தாலும் பணம் போகிறது. கடைப் பற்று வரவு எழுதும் ஆப்பில் வாடிக்கையாளரைக் கையால் சேர்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். கூரியர் ஆப், மருந்து ஆப், சிலிண்டர் பதிவு செய்யும் ஆப் எதுவும் முனகவில்லை. இத்தனை நாள் எதற்காக இவை அந்தப் பட்டியலில் இருந்தன என்றே தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் எடுத்துப் பார்த்தோம். பெயருக்குப் பதில் வெறும் நம்பர்கள் வந்தன. சித்தப்பாவால் அதை வைத்து வியாபாரம் பண்ண முடியாது, திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

சட்டமும் இதைத் தெளிவாகவே யோசித்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 6ஆம் பிரிவில் ஒரு உதாரணம் உண்டு. ஆன்லைனில் டாக்டரைப் பார்க்கும் ஆப் ஒன்று, சிகிச்சைக்கும் சம்மதம் கேட்கிறது, காண்டாக்ட்ஸுக்கும் சம்மதம் கேட்கிறது. அதைப் பயன்படுத்தும் பெண் இரண்டுக்கும் சரி என்கிறார். மருத்துவ சேவைக்குக் காண்டாக்ட்ஸ் தேவையில்லை என்பதால், அவர் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். அதாவது நாம் 'அலோ' அழுத்தியதாலேயே எல்லாம் அவர்களுக்கு உரிமையாகிவிடாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை நம் விரல்தான் காவல்.

சித்தப்பாவின் போனில் மற்றவை

காண்டாக்ட்ஸ் முடிந்ததும் லொகேஷனுக்கு வந்தோம். 'அலோட் ஆல் தி டைம்' என்ற தலைப்பில், எந்நேரமும் இடம் பார்க்கும் ஆப்களில் ஒன்றாக இருந்தது அவர் தினமும் பார்க்கும் பஞ்சாங்க ஆப். "அது இருந்தாத்தான ராகு காலம் சரியா வரும்?" என்றார். கேள்வியில் நியாயம் உண்டு. ராகு காலத்தைச் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுகிறவர்கள் இருக்கிறார்கள், உதயம் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் எவ்வளவு மாறும்? பூமி ஒரு பாகை சுற்ற நான்கு நிமிடம். நம் பக்கத்தில் ஒரு பாகை என்பது கிழக்கு மேற்காக ஏறக்குறைய 110 கிலோமீட்டர். ஆண்ட்ராய்டு 12 முதல் 'பிரிசைஸ் லொகேஷன்' என்பதை ஆஃப் செய்தால், ஆப்புக்கு ஏறக்குறைய மூன்று சதுர கிலோமீட்டருக்குள் என்ற அளவில்தான் இடம் தெரியும். அதனால் உதய நேரத்தில் வரும் வித்தியாசம் சில நொடிகள். கடை எந்தத் தெருவில், வீடு எந்தச் சந்தில் என்பது பஞ்சாங்கத்துக்குத் தேவையே இல்லை. கடைசியில் லொகேஷனையே எடுத்துவிட்டு, ஆப்புக்குள் ஊரைக் கோவில்பட்டி என்று கையால் தேர்ந்தெடுத்தோம். ராகு காலம் மாறவில்லை என்று அவரே சரிபார்த்துக்கொண்டார்.

மேப்புக்கும் ஆட்டோ ஆப்புக்கும் துல்லியமான இடம் வேண்டும். அவற்றுக்கு 'ஒன்லி வைல் யூஸிங்' என்று வைத்தோம். மற்றவை எல்லாம் 'ஆஸ்க் எவ்ரி டைம்'.

டார்ச் ஆப் ஒன்றும் இருந்தது, கரண்ட் போகும் நேரத்துக்கு. அதற்கு லொகேஷன் எதற்கு? அமெரிக்காவில் 'பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்' என்ற டார்ச் ஆப் கோடிக்கணக்கான போன்களில் இருந்தது. பயனர்களின் இருப்பிடத்தை அது விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2013இல் நடவடிக்கை எடுத்தது. இப்போது எல்லாப் போனிலும் மேலிருந்து இழுத்தாலே டார்ச் இருக்கிறது. ஆப்பை நீக்கினோம். கூடவே 'போனை வேகமாக்கும்' கிளீனர் ஆப்பும் போனது. நோட்டிஃபிகேஷன் அக்ஸஸ் பக்கத்தில் அதன் பெயர் ஆனில் இருந்தது. அந்த அனுமதி இருக்கும் ஆப், பேங்க் அலெர்ட்டோ வாட்ஸ்அப் மெசேஜோ, நோட்டிஃபிகேஷனாகத் தலைகாட்டும் எதையும் படிக்கலாம். வழக்கமான பெர்மிஷன் பட்டியலில் இது வராது என்பதைக் கவனியுங்கள். செட்டிங்ஸில் 'ஸ்பெஷல் ஆப் அக்ஸஸ்' என்று தனியாக இருக்கும். மற்ற ஆப்களின் மேல் படர்வது, எல்லா பைல்களையும் தொடுவது போன்ற பெரிய அதிகாரங்களும் அங்கேதான் இருக்கின்றன. பெர்மிஷன் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் பலர் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

கேலரியில் ஆதார், பான், பாஸ்புக் படங்கள் வரிசையாகக் கிடந்தன. இரண்டு பக்கமும் எடுத்த ஆதாரை அழித்து, ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை இறக்கிக் கொடுத்தேன். படங்களுக்கான அனுமதியைக் கேலரி, வாட்ஸ்அப் தவிர எல்லாவற்றிலிருந்தும் எடுத்தோம். ஆண்ட்ராய்டு 14 இருந்தால் இன்னும் சுலபம், எந்தப் படத்தைக் காட்டுவது என்று நாமே பொறுக்கலாம். பிறகு பிரைவசி மெனுவில், விளம்பரக் கம்பெனிகள் நம் போனை அடையாளம் காணப் பயன்படுத்தும் விளம்பர ஐடியை அழித்தோம். ஒரு நிமிட வேலை.

ஒன்று உடைந்தது. சித்தப்பா டைப் செய்ய மாட்டார், கீபோர்டில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசுவார். மைக் அனுமதிகளை எடுத்தபோது அதுவும் நின்றுவிட்டது. குரல் தட்டச்சுக்கான ஆப்புக்கு மட்டும் 'ஒன்லி வைல் யூஸிங்' கொடுத்ததும் வேலை செய்தது. மைக் ஓடும்போது திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி வரும், ஆண்ட்ராய்டு 12 முதல் உண்டு. பேசாத நேரத்தில் அது எரிந்தால், மேலிருந்து திரையை இழுத்துப் புள்ளியைத் தொட்டு எந்த ஆப் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பிரைவசி டாஷ்போர்டிலும் கடந்த 24 மணி நேரத்தில் யார் எதைத் தொட்டார்கள் என்ற விவரம் நேரத்தோடு இருக்கும். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு அதை ஒருமுறை பார்க்கிறார்.

இன்னும் பாக்கி

தம்பிக்குப் போன்கள் வருவது குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. புது நம்பரிலிருந்து வந்தால் எடுக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறான். அவன் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்று வெகுநாளாகிவிட்டது. பெர்மிஷன்களை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது, போனை மாற்றத்தான் வேண்டும். தீபாவளி போனஸில் வாங்கித் தருவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். பழைய போனிலிருந்து ஆப்களை மாற்றும்போது பெர்மிஷன்களும் கூடவே வரலாம் என்பதால், புதுப் போனில் சிம் போட்டதும் முதலில் திறக்க வேண்டியது பெர்மிஷன் மேனேஜர், அதிலும் காண்டாக்ட்ஸ் பக்கம் என்று அவனிடம் எழுதியே கொடுத்துவிட்டு வந்தேன்.